அம்மப்பாவின் பட்டாளப் படம்: கையில் இருக்கிற சிலுவைச் சின்னம் எந்தப் படையினுடையது?

அளவெட்டிப் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படைச் சின்னங்களைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இங்கை இருக்கிறியள் எண்டு கேள்விப்பட்டு எழுதுறன்.

படத்திலை நிக்கிறது என்ரை அம்மப்பா. நான் பிறக்க முந்தியே மோசம் போயிட்டார். வீட்டிலை எல்லாரும் சொல்லுறது, "அவர் பர்மாச் சண்டைக்குப் போய் வந்தவர்" எண்டுதான். பெரிய மாமா அதோடை, அவர் பீரங்கிப் படையிலை இருந்தவர் எண்டும் சொல்லுவார். ஒரு கடுதாசியும் மிஞ்சேல்லை. 95 இடப்பெயர்வுக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பி வரேக்கை ட்ரங்குப் பெட்டியே இல்லை. இந்தப் படம் மட்டும் அம்மாவின்ரை கைப்பையிலை போனபடியால் தப்பினது.

தோள்மூட்டிலை வெள்ளையாத் தெரியிறது பழுதில்லை. 87க்குப் பிறகு வீடு வீடாச் சோதனை நடந்த காலத்திலை, யூனிபோம் போட்ட ஆளின்ரை படம் வீட்டிலை இருக்கிறதே ஆபத்தெண்டு அம்மம்மா பிளேட்டாலை சுரண்டினவ. முழுப் படத்தையும் எரிக்க மனம் வரேல்லையாம். தோளிலை இருந்த எழுத்தை மட்டும் சுரண்டிப்போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னாலை செருகி வைச்சிருந்தவ.

மிச்சம் தெரியிறது: சரிச்சுப் போட்ட மடிப்புத் தொப்பி, அதிலை ஒரு பட்ஜ். கையின்ரை மேல்பக்கத்திலை சதுரத் துணி, அதுக்குள்ளை வெள்ளைக் கேடயம், கேடயத்திலை கறுத்த சிலுவை. நெஞ்சிலை ரண்டு ரிபன். சிலுவை இருக்கிறபடியால் ஆசுப்பத்திரிப் படையோ எண்டு எனக்கு ஒரு எண்ணம். ஆருக்காவது தெரியுமோ?

---

நவிண்டில் எழுதியது:

தங்கச்சி, படம் பார்த்தன். மருத்துவப் படை எண்டுதான் எனக்கும் படுது. கறுப்பு வெள்ளைப் படத்திலை சிவப்புக் கறுப்பாத் தெரியும்தானே, வெள்ளையிலை சிவப்புச் சிலுவை. சிலோன் மெடிக்கல் கோர் எண்டு ஒண்டு அந்தக் காலத்திலை சிலோன் டிபென்ஸ் போர்சுக்குள்ளை இருந்தது. அதாயிருக்கலாம்.

---

பித்தளைப் பொத்தான் எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். நீண்ட காலமாகப் பழைய பட்ஜுகளும் பொத்தான்களும் சேர்க்கிறவன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் போட்டிருக்கும் படம் இடம் வலம் மாறிக் கிடக்கிறது. ரிபன்கள் அவருடைய வலது மார்பில் தெரிகின்றன. பிரித்தானியச் சீருடையில் போர்ப் பதக்க ரிபன்கள் இடது மார்பில்தான் இருக்கும். தொப்பியும் அப்படித்தான்: அந்த மடிப்புத் தொப்பியை வலப் பக்கம் சரித்துப் போடுவார்கள், பட்ஜ் இடப் பக்கம் வரும். உங்கள் படத்தில் இரண்டுமே எதிர்ப்பக்கம். தொலைபேசியில் எடுக்கும்போது திரும்பியதா, அல்லது அந்தக் கால ஸ்ரூடியோவே நெகட்டிவைப் புரட்டி அச்சிட்டதா என்று மூலப் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ரிபனில் எந்தக் கோடு எந்தப் பக்கம் என்பது முக்கியம், ஆகவே இதை முடிவாக்காமல் மேலே போக முடியாது.

சிலுவையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ரிபன்களையும் தொப்பிப் பட்ஜையும் மட்டும் கிட்ட எடுத்துப் போட முடியுமா?

---

அளவெட்டிப் பேத்தி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது சரி. பிரான்சிலை இருக்கிற தம்பிக்கு வீடியோக் கோலிலை காட்டேக்கை நான் எடுத்த ஸ்கிரீன்சொட் அது. கையிலை இருக்கிற படத்திலை எல்லாம் இடப்பக்கம்தான் கிடக்கு.

இன்னொண்டும் சேர்த்துப் போடுறன். தம்பி ஒரு செயலியிலை குடுத்துத் தெளிவாக்கினவன். அதிலை தொப்பிப் பட்ஜ் ஒரு பருந்து மாதிரி வடிவாத் தெரியுது. விமானப்படையாயும் இருக்கலாமோ?

---

கஸ்தூரியார் வீதி எழுதியது:

பிள்ளை, அந்தத் தெளிவாக்கின படத்தை ஒருக்காலும் ஆதாரமா எடுக்கவேண்டாம். நான் ஸ்ரூடியோத் தொழிலிலை வளர்ந்தவன், டார்க்ரூம் காலத்திலையிருந்து இண்டைக்கு வரைக்கும் பழைய படங்களோடைதான் சீவியம். அந்தச் செயலிகள் படத்திலை இருக்கிறதைக் கூர்மையாக்கிறேல்லை. மங்கலா இருக்கிற இடத்திலை தான் முந்திப் படிச்ச ஆயிரம் படங்களிலையிருந்து ஒண்டைக் கீறி நிரப்புது. முகத்துக்கு அது பரவாயில்லை. சின்னங்களுக்கு அது நஞ்சு. இல்லாத பருந்தை அது கீறினதாலை ஒரு மனுசன்ரை வரலாறே மாறிப்போகும்.

சுரண்டின இடத்தைப் பற்றியும் சொல்லவேணும். படத் தாளிலை உருவம் இருக்கிறது மேல் ஜெலற்றின் படையிலைதான். அதைப் பிளேட்டாலை எடுத்தால் கீழை வெறும் தாள். அதை எந்த மெசினாலையும் திருப்பிக் கொண்டுவரேலாது. அதிலை காசு செலவழிக்காதேங்கோ.

செய்யவேண்டியது இது. தட்டு ஸ்கானரிலை 1200 டிபிஐ, கலர் மோடிலை எடுங்கோ, கறுப்பு வெள்ளைப் படமெண்டாலும் கலரிலைதான். கூர்மையாக்கிற, தூசி எடுக்கிற எல்லாத்தையும் நிப்பாட்டிவிடுங்கோ. ஜேபெக் வேண்டாம், டிப் (TIFF) கோப்பாச் சேமியுங்கோ. பின்பக்கத்தையும் எடுங்கோ. பின்பக்கத்தை எடுக்காமல் விடுறதுதான் எல்லாரும் செய்யிற பிழை. படத்தைத் துடைக்கவும் வேண்டாம், லமினேற் பண்ணவும் வேண்டாம்.

---

அளவெட்டிப் பேத்தி எழுதியது:

சுன்னாகத்திலை ஒரு கடையிலை ஸ்கான் பண்ணி எடுத்தன். எல்லாம் இணைச்சிருக்கிறன்.

ரிபன் ரண்டு. பார்க்கிற எங்கடை இடப்பக்கம் இருக்கிறது மூண்டு சமனான கோடு: சாம்பல், கறுப்பு, வெள்ளைச் சாம்பல். மற்றது வெளிர் நிறம், நடுவிலை கறுத்த அகலக் கோடு, ரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள். அந்த நடுக்கோட்டுக்கு மேலை சின்னதா ஒரு உலோகத் துண்டு இருக்கு. 8 மாதிரித் தெரியுது. எனக்கு மட்டும் அப்பிடித் தெரியுதோ தெரியாது.

தொப்பிப் பட்ஜிலை மேலை முடி, கீழை குறுக்கும் மறுக்குமா மூண்டு கம்பு கட்டி நிமித்தி வைச்ச மாதிரி. பருந்து இல்லை.

பின்பக்கம் தபாலட்டை மாதிரி நடுவிலை கோடு. ஊதா மையிலை ஒரு முத்திரை, பாதி அழிஞ்சுபோச்சு. கடைசிச் சொல்லு "பாரி" எண்டு வாசிக்கலாம். பென்சிலாலை ஒரு நீள இலக்கமும் எழுதியிருக்கு.

---

பித்தளைப் பொத்தான் எழுதியது:

அந்த 8 உங்களுக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கும் தெளிவாகத் தெரிகிறது. இனி எல்லாவற்றையும் அதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது உலோகத்தில் வெட்டிய எண். நிறம் எப்படி மாறினாலும் வடிவம் மாறாது.

பிரித்தானியப் போர்ப் பதக்கங்களில் ரிபனின் மேல் 8 என்ற எண் வருவது ஆபிரிக்கா ஸ்டாருக்கு மட்டும். 1942 ஒக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரையான காலத்துக்குள், வட ஆபிரிக்காவில் போரிட்ட பிரித்தானிய எட்டாம் இராணுவத்தில் இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். ஒக்டோபர் 23 என்பது எகிப்தில் எல் அலமேன் சண்டை தொடங்கிய இரவு. மே நடுப்பகுதியில் துனீசியாவில் ஜெர்மானிய, இத்தாலியப் படைகள் சரணடைந்தன. அதாவது உங்கள் அம்மப்பா எல் அலமேனிலிருந்து துனீசியா வரையான அந்தக் காலத்தில், எட்டாம் இராணுவத் தளபதி மொன்ற்கொமரியின் படையோடு இருந்திருக்கிறார்.

ஆபிரிக்கா ஸ்டார் ரிபனின் உண்மை நிறங்கள்: பாலைவன மணல் நிறம், நடுவில் அகலமான சிவப்பு, ஒரு பக்கம் மெல்லிய கடும் நீலம், மறுபக்கம் மெல்லிய வெளிர் நீலம். பக்கத்தில் இருப்பது 1939–43 ஸ்டார். போர் முடிந்த பிறகு அதுவே 1939–45 ஸ்டார் ஆனது. அதன் நிறங்கள் கடும் நீலம், சிவப்பு, வெளிர் நீலம், மூன்றும் சம அகலம்.

இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள். கடும் நீலம் சாம்பலாக வந்திருக்கிறது. சிவப்பு அதைவிடக் கறுத்து, ஏறக்குறையக் கரியாக வந்திருக்கிறது. கஸ்தூரியார் வீதி ஐயா, இது என்ன பிலிம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

---

கஸ்தூரியார் வீதி எழுதியது:

ஒர்தோகுரோமற்றிக். ஐமிச்சமில்லை.

தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். அந்தக் காலத்திலை ரண்டு வகைப் பிலிம் பாவனையிலை இருந்தது. பான்குரோமற்றிக் பிலிம் எல்லா நிறத்தையும் பிடிக்கும். ஒர்தோ பிலிம் நீலத்தையும் பச்சையையும் பிடிக்கும், சிவப்பைப் பிடிக்காது. அதாலைதான் சிவப்பு லைற்றைப் போட்டுக்கொண்டு அதைக் கழுவலாம். ஸ்ரூடியோக்காரருக்கு அது சுகம், அதாலை கனகாலம் அதையே வைச்சிருந்தவை. அந்தப் பிலிமிலை நீலம் வெளுக்கும், சிவப்புக் கறுக்கும், பொன் மஞ்சளும் கறுத்துப்போகும். சொண்டு கறுத்து, முகம் உள்ளதைவிடக் கறுப்பா வந்த பழைய படங்கள் எங்கடை வீடுகளிலை கனக்க இருக்கு. அந்தச் சனமெல்லாம் உண்மையிலை அந்த நிறமில்லை.

இந்தப் படத்திலை உள்ள வசதி என்னெண்டால், நிறம் தெரிஞ்ச ரிபன் படத்துக்குள்ளையே இருக்கு. ரிபனிலை சிவப்பு எப்பிடி வந்திருக்கு, நீலம் எப்பிடி வந்திருக்கு எண்டு பார்த்து, அதே கணக்கைக் கையிலை இருக்கிற சின்னத்துக்கும் போடலாம். அந்தச் சதுரம் சாம்பல். ரிபனிலை கடும் நீலம் வந்திருக்கிற சாம்பலும் அதுவும் ஒண்டு. ஆகச் சதுரம் கடும் நீலமாயிருக்க வேணும். சிலுவை கறுப்பு, எண்டாலும் ரிபனிலை இருக்கிற சிவப்பளவுக்குக் கரியில்லை, ஒரு படி குறைவு. அது மஞ்சள்.

---

பித்தளைப் பொத்தான் எழுதியது:

அப்படியானால் முடிந்தது. கடும் நீலச் சதுரம், வெள்ளைக் கேடயம், பொன் மஞ்சள் சிலுவை. எட்டாம் இராணுவத்தின் சின்னம் அதுதான்.

நிறத்தை விட்டுவிட்டாலும் வடிவமே போதும். செஞ்சிலுவையில் நான்கு கையும் சமமாக இருக்கும். இங்கே கீழ்க் கை நீளம், தேவாலயச் சிலுவை போல. தவிரவும் மருத்துவப் படையினரின் செஞ்சிலுவை கையைச் சுற்றிய வெள்ளைப் பட்டியில் வரும், கேடயத்துக்குள் வராது.

பர்மாவில் போரிட்ட பதினாலாம் இராணுவத்தின் சின்னமும் கேடயம்தான், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். அது சிவப்புக் கேடயம், அதில் முனை கீழ்நோக்கிய வாள். ஒர்தோ பிலிமில் அந்தக் கேடயம் முழுக்கக் கறுத்திருக்கும். இதோடு குழப்ப வழியில்லை.

தொப்பிப் பட்ஜ்: முடிக்குக் கீழே துப்பாக்கி, மண்வெட்டி, பிக்காஸ் மூன்றும் சாத்தி நிற்கின்றன. பயனியர் கோர். பீரங்கிப் படையின் பட்ஜ் என்றால் சக்கரம் வைத்த பீரங்கி இருக்கும், அந்தச் சக்கரம் எவ்வளவு மங்கிய படத்திலும் தெரியும்.

---

நவிண்டில் எழுதியது:

பயனியர் எண்டால் கூலி வேலை செய்யிற படை எல்லே? தங்கச்சி, மாமாவுக்கு இதைச் சொல்லாமல் விடுறது நல்லது. வயசான காலத்திலை ஆளின்ரை மனம் நோகும்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பயனியர் கோர் 1939 ஒக்டோபரில் துணைப் படையாகத் தொடங்கியது. 1940 இல் பயனியர் கோர் என்ற பெயர் வந்தது. 1946 இல் அரசர் அதற்கு றோயல் என்ற பட்டத்தைக் கொடுத்தார், போரில் அவர்கள் செய்த வேலைக்காக. கப்பலிலிருந்து குண்டும் பெற்றோலும் உணவும் இறக்கியது அவர்கள். கண்ணிவெடி விதைத்த பாலைவனத்தில் பாதையும் ரயில் தண்டவாளமும் போட்டது, தண்ணீர்க் குழாய் புதைத்தது, இறந்தவர்களை அடக்கம் செய்தது அவர்கள். எதிரி விமானங்கள் முதலில் தேடி வந்து அடித்தது துறைமுகங்களையும் கிடங்குகளையும்தான். அங்கே நின்றவர்கள் இவர்கள். அவர்களுடைய பட்ஜில் மண்வெட்டியோடு துப்பாக்கியும் இருப்பதைப் பாருங்கள்.

நமது ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. கிளாக்கர், ஸ்ரேஷன் மாஸ்டர், டாக்குத்தர் என்றால் படத்தைச் சுவரில் மாட்டுவோம். மண்வெட்டி பிடித்தவர் என்றால் வேறு கதை சொல்லுவோம். மாமா பீரங்கிப் படை என்று கேட்டு வளர்ந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். எட்டாம் இராணுவத்தோடு பாலைவனத்தில் நின்ற ஒரு மனிதனுக்குப் பொய்யான பீரங்கி எதற்கு? மகளே, மாமாவுக்குச் சொல்லுங்கள். ஆதாரத்தோடு, படத்தை முன்னால் வைத்துச் சொல்லுங்கள்.

ஊதா முத்திரையைப் பற்றி. பாரி என்பது இத்தாலியின் கிழக்குக் கரைத் துறைமுகம். 1943 செப்டெம்பரில் இத்தாலியில் இறங்கிய எட்டாம் இராணுவத்துக்குப் பெரும்பகுதிச் சாமான் அந்த வழியாகத்தான் போனது. அந்த வருடம் டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு ஜெர்மன் விமானங்கள் அந்தத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை அடித்து மூழ்கடித்தன. அதில் ஜோன் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் மஸ்டர்ட் நச்சுவாயுக் குண்டுகள் இரகசியமாக இருந்தன. வாயு கடலில் எண்ணெயோடு கலந்து, என்ன நஞ்சு என்று வைத்தியர்களுக்கே சொல்லப்படாமல் பலர் இறந்தார்கள். உங்கள் அம்மப்பா அன்றிரவு அங்கே நின்றார் என்று நான் சொல்லவில்லை. இந்தப் படம் எடுத்த ஊர் அப்படிப்பட்ட ஊர் என்று சொல்கிறேன்.

---

பித்தளைப் பொத்தான் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு காலமும் பொருந்துகிறது. ஆபிரிக்கா ஸ்டாரை அறிவித்தது 1943 யூலையில். ஆகவே படம் அதற்குப் பிந்தியது. இத்தாலி ஸ்டாரை அறிவித்தது 1945 மே மாதத்தில், அந்த ரிபன் இங்கே இல்லை. ஆகவே இடைப்பட்ட காலம். அவர் போட்டிருப்பது கம்பளித் துணியில் தைத்த பற்றில் டிரெஸ் (battledress) என்ற சண்டைச் சீருடை, கழுத்து வரை பூட்டியிருக்கிறார், அதாவது அதிகாரி அல்லாத படைவீரர். கம்பளி என்பதால் குளிர்காலம். 1943 கடைசி அல்லது 1944 கடைசிப் பக்கம் என்று வைக்கலாம்.

பர்மாக் கதையை ரிபனை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. பர்மா ஸ்டாரையும் 1945 மே மாதத்தில்தான் அறிவித்தார்கள். இந்தப் படம் எடுத்த பிறகு அவரைக் கிழக்கே அனுப்பியிருந்தால் அது இதில் தெரியாது. வீட்டில் நட்சத்திரப் பதக்கம் ஏதாவது கிடக்கிறதா? ஆறு முனை, மஞ்சள் உலோகம், நடு வட்டத்தில் ஆங்கில எழுத்து.

---

அளவெட்டிப் பேத்தி எழுதியது:

அம்மாவைக் கேட்டன். ட்ரங்குப் பெட்டியோடை எல்லாம் போச்சு எண்டவ. பிறகு சின்னம்மா கோண்டாவிலிலையிருந்து படம் அனுப்பினா. அவவின்ரை தையல் பெட்டிக்குள்ளை ஒரு நட்சத்திரம் கிடந்திருக்கு, ரிபன் இல்லை. நடுவிலை "த இத்தாலி ஸ்டார்" எண்டு இருக்கு. பின்பக்கம் பேர் ஒண்டும் வெட்டேல்லை. பேர் இல்லாததாலை வேறை ஆரின்ரையோவாயும் இருக்குமோ?

---

பித்தளைப் பொத்தான் எழுதியது:

பேர் இல்லாதது வழக்கம்தான். முதலாம் உலகப்போரின் பதக்கங்களில் விளிம்பில் பேரும் இலக்கமும் பொறித்தார்கள். இரண்டாம் போரின் ஸ்டார்களைப் பிரித்தானியா பேரில்லாமலே கொடுத்தது. பாரியில் எடுத்த படமும் இத்தாலி ஸ்டாரும் ஒரே குடும்பத்தில் கிடக்கின்றன என்றால் அது அவருடையதுதான். பளபளக்கத் தேய்க்க வேண்டாம்.

பின்பக்கத்துப் பென்சில் இலக்கத்தை இங்கே பொதுவில் போடாதீர்கள். அது அவருடைய படை இலக்கமாக இருக்கலாம். பிரித்தானியப் படைவீரரின் பழைய சேவைப் பதிவுகள் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சிடமிருந்து லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறத் தொடங்கின. விண்ணப்பிக்கும்போது இலக்கம், முழுப் பெயர், பிறந்த திகதி மூன்றும் கையில் இருந்தால் தேடல் எளிது. பெயரை மட்டும் கொடுத்தால் நமது பெயர்களை அவர்கள் எழுதியிருக்கும் விதத்தில் தேடிக் களைத்துப் போவீர்கள். தகப்பன் பெயரை முன்னால் வைத்தும் பின்னால் வைத்தும், இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலோடும் கொடுங்கள். இறப்புச் சான்றிதழின் பிரதியும் தேவைப்படலாம்.

---

அளவெட்டிப் பேத்தி எழுதியது:

இறப்புச் சான்றிதழ் கச்சேரியிலை எடுக்கலாம், அதுக்கு நாளைக்கே போறன்.

மாமாவிட்டைச் சொன்னன். கன நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், ஐயா நாரிப்பிடிப்பாலை கடைசி வரைக்கும் கஷ்டப்பட்டவர், கேட்டால் "கப்பலிலை சாமான் இறக்கின நாரி" எண்டு மட்டும் சொல்லுவார் எண்டு. இவ்வளவு நாளும் அதை ஒருத்தரும் சண்டையோடை சேர்த்து யோசிக்கேல்லை. பீரங்கிக் கதையை ஆர் முதல் சொன்னது எண்டு மாமாவுக்கே ஞாபகமில்லை. தனக்கும் இந்தப் படத்திலை ஒரு பிரதி சட்டம் போட்டுத் தரச் சொன்னவர், கீழை படைப்பிரிவின்ரை பேரை எழுதச் சொல்லி.

---

கஸ்தூரியார் வீதி எழுதியது:

பிரதி நான் போட்டுத் தாறன், காசு வேண்டாம். சுரண்டின தோள்மூட்டை நிரப்பச் சொல்லிக் கேட்டால் மட்டும் செய்யமாட்டன். அம்மம்மாவின்ரை கை பட்ட இடம் அது, அப்பிடியே இருக்கட்டும்.

---

புன்னாலைக்கட்டுவன் எழுதியது:

வணக்கம். இழையை முழுக்க வாசிச்சன். எங்கடை பெரியப்பாவின்ரை படமும் ஒண்டு இருக்கு, தொப்பியிலை ஒற்றைக் காலிலை நிண்டு ஓடுற மாதிரி ஒரு உருவம், காலிலை சிறகு. ஸ்ரூடியோ முத்திரை கண்டி. இது எந்தப் படை?

---

பித்தளைப் பொத்தான் எழுதியது:

அது மேர்க்குரி, உரோமரின் தூதுத் தெய்வம். றோயல் சிக்னல்ஸ், தொடர்பாடல் படை. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது, அங்கே சிக்னல்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கையில் அந்தக் கட்டளையின் சின்னமான, தீயிலிருந்து எழும் பறவை இருக்கிறதா என்று பாருங்கள். புது இழை ஒன்று திறந்து, பின்பக்கத்தோடு ஸ்கான் போடுங்கள்.